சந்தை திறக்கும் முன்னும் மூடிய பின்னும்

ஒரு நிறுவனத்தின் பங்கு முதன்முறையாகப் பொதுமக்களிடம் விற்கப்படும்போது அதற்குச் சந்தை விலை என்று ஒன்று இருப்பதில்லை. நிறுவனமும், வெளியீட்டை முன்னின்று நடத்தும் முதலீட்டு வங்கிகளும், சில பெரிய நிதி நிறுவனங்களும் பேசி எட்டிய ஒரு தொகையே விலையாக முன்வைக்கப்படுகிறது. பட்டியலிடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன பங்குக்கும் ஏறக்குறைய இதே நிலை சில நேரங்களில் வந்துபோகிறது. வழக்கமான வணிக நேரம் முடிந்த பிறகோ அது தொடங்குவதற்கு முன்போ, வாங்குவோரும் விற்போரும் குறைவாக இருக்கும் வேளையில், ஒரு சிலருக்கிடையே நடக்கும் பேரமே அந்தப் பங்கின் விலையாகத் திரையில் தோன்றுகிறது. ஐபிஓ என்று பரவலாக அறியப்படும் புதிய பங்கு வெளியீட்டையும், நேரம் கடந்த பங்கு வணிகத்தையும் ஒருசேரப் பார்ப்பதற்கு இந்த ஒற்றுமையே காரணம். விலை மலிவா அதிகமா என்று கணக்கிடுவதற்கு முன்னால், அந்த விலை உருவானபோது அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதைத் தனிநபர் முதலீட்டாளர் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் 1992 வரை அந்த இடத்தில் அரசே இருந்தது. மூலதன வெளியீடுகளைக் கட்டுப்படுத்த 1947இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மத்திய அரசு அதிகாரியான மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் பெற்றே நிறுவனங்கள் பங்கு வெளியிட்டன. முக மதிப்புக்கு மேல் எவ்வளவு கூடுதலாகக் கேட்கலாம் என்பதையும் அந்த அலுவலகமே வரையறுத்தது. தாராளமயமாக்கலின்போது அந்தப் பதவி ஒழிக்கப்பட்டு, 1988இல் அமைக்கப்பட்டிருந்த செபி என்ற பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம் 1992இல் சட்டபூர்வ அதிகாரம் பெற்றது. அதன் பின் விலையைச் சொல்லும் பொறுப்பு நிறுவனத்தின் கைக்கும், உண்மைகளைச் சொல்லவைக்கும் பொறுப்பு செபியின் கைக்கும் பிரிந்தன. செபி ஒரு வெளியீட்டை அனுமதித்துவிட்டது என்பதால் அந்த விலை நியாயமானது என்றோ, நிறுவனம் நல்லது என்றோ பொருள் கொள்ளக் கூடாது. சொல்ல வேண்டியவை சொல்லப்பட்டுள்ளனவா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. இந்த வேறுபாட்டை உணராமல் விண்ணப்பிப்போர் இன்றும் ஏராளம்.

சொல்ல வேண்டியவை இடம்பெறும் ஆவணம், முதலில் வரைவாகச் செபியிடம் அளிக்கப்பட்டு, திருத்தங்களுக்குப் பின் வெளியீட்டுக்குச் சில நாட்களுக்கு முன் இறுதி வடிவம் பெறுகிறது. பல நூறு பக்கங்கள் நீளும் அந்த ஆவணம் முழுவதையும் சாதாரண வாசகர் படித்து முடிப்பது நடவாத காரியம் என்றாலும், மூன்று பகுதிகளைப் படிக்காமல் பணம் போடுவது சரியல்ல. திரட்டப்படும் பணம் எதற்குச் செலவிடப்படும் என்ற பகுதி முதலாவது. நிறுவனம் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் ஆபத்துகளின் பட்டியல் இரண்டாவது. விலைக்கான அடிப்படை என்ற தலைப்பில், அதே தொழிலில் உள்ள பிற பட்டியலிட்ட நிறுவனங்களோடு லாபத்தையும் விலையையும் ஒப்பிட்டுக் காட்டும் பகுதி மூன்றாவது. ஒரே தொழிலில் இருக்கும் பழைய நிறுவனத்தின் பங்கு, ஆண்டு லாபத்தைப்போல் 25 மடங்கு விலைக்குக் கிடைக்கும்போது, புதிய நிறுவனம் 60 மடங்கு கேட்டால் அதற்கான விளக்கம் அந்தப் பக்கங்களில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மௌனமே போதிய தகவல்.

முதல் பகுதியில் கூர்ந்து பார்க்க வேண்டிய விஷயம், விற்கப்படுபவை புதிதாக உருவாக்கப்படும் பங்குகளா, ஏற்கெனவே ஒருவர் கையில் உள்ள பங்குகளா என்பதாகும். புதிய பங்குகள் என்றால் பணம் நிறுவனத்துக்குச் செல்கிறது. அதைக் கொண்டு ஆலை கட்டலாம், கடனை அடைக்கலாம். ஆஃபர் ஃபார் சேல் எனப்படும் இரண்டாவது வகையில், பழைய பங்குதாரர் தம் பங்கை விற்றுப் பணத்தை எடுத்துச் செல்கிறார். நிறுவனத்தின் கல்லாவுக்கு ஒரு ரூபாயும் வருவதில்லை. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் மோட்டார் இந்தியா, 2024 அக்டோபரில் நடத்திய வெளியீடு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பங்கு ஒன்று 1,960 ரூபாய் வீதம் திரட்டப்பட்ட ஏறத்தாழ 27,870 கோடி ரூபாயும் தென்கொரியத் தாய் நிறுவனத்துக்கே சென்றது. அதுவரை இந்தியாவில் நடந்தவற்றுள் மிகப் பெரியதான அந்த வெளியீட்டில் நிறுவன முதலீட்டாளர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்டதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு பங்குகளைக் கேட்டார்கள். சிறு முதலீட்டாளர் பகுதியோ பாதிதான் நிரம்பியது. பட்டியலிட்ட அக்டோபர் 22 அன்று பங்கு ஏறத்தாழ 7 சதவீதம் இறங்கி முடிந்தது; அடுத்த ஆண்டில் வெளியீட்டு விலையைக் கடந்து வெகுதூரம் ஏறியது. பழைய பங்குதாரர் விற்கிறார் என்பதே குற்றமாகிவிடாது என்பதற்கும், முதல் நாள் விலை நெடுநாள் மதிப்பைச் சொல்வதில்லை என்பதற்கும் இந்த ஒரே பங்கு சான்றாக நிற்கிறது.

விலை நிர்ணயிக்கப்படும் முறைக்குப் புக் பில்டிங் என்று பெயர். நிறுவனம் ஒற்றை விலையைச் சொல்லாமல் கீழ் எல்லை, மேல் எல்லை என இரண்டைச் சொல்கிறது. மேல் எல்லை கீழ் எல்லையைவிட 20 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது. குறைந்தது மூன்று வேலை நாட்கள் திறந்திருக்கும் வெளியீட்டில், முதலீட்டாளர்கள் எந்த விலைக்கு எத்தனை பங்குகள் வேண்டும் என்று கேட்கிறார்கள். தேவை எந்த விலையில் போதுமான அளவு திரள்கிறதோ அது இறுதி விலையாகிறது. ஏட்டளவில் இது எல்லோரும் சேர்ந்து விலை கண்டுபிடிக்கும் முறைதான். ஆனால் நடைமுறையில் தேவை மிகுந்த வெளியீடுகள் மேல் எல்லையிலேயே முடிகின்றன. அந்த எல்லையோ வெளியீடு திறப்பதற்கு முன்பே, பெரிய நிதி நிறுவனங்களின் மேலாளர்களைச் சந்தித்துப் பேசி வகுக்கப்பட்டுவிடுகிறது. அவர்களுள் ஒரு பகுதியினர் ஆங்கர் முதலீட்டாளர்கள் என்ற பெயரில், பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முதல் நாளே பங்குகளைப் பெற்றுவிடுகிறார்கள். சிறு முதலீட்டாளர் விண்ணப்பத்தில் கட்-ஆஃப் என்ற கட்டத்தைக் குறித்தால், இறுதியில் எந்த விலை முடிவானாலும் அதற்குச் சம்மதம் என்று பொருள். எனவே விலையைச் சொல்லும் இடத்தில் அவர் பெரும்பாலும் இருப்பதில்லை. சொல்லப்பட்ட விலையை ஏற்பதும் மறுப்பதும் மட்டுமே அவர் கையில் உள்ளன. மறுக்கும் உரிமை சிறியதன்று. ஹூண்டாய் வெளியீட்டில் பாதி காலியாகக் கிடந்த சிறு முதலீட்டாளர் பகுதி, அந்த உரிமை பயன்படுத்தப்பட்டதன் விளைவுதான்.

விலையில் இல்லாத சமத்துவம் பங்கு ஒதுக்கீட்டில் ஓரளவு கிடைக்கிறது. தொடர்ந்து லாபம் ஈட்டிய நிறுவனமாக இருந்தால், வெளியீட்டில் குறைந்தது 35 சதவீதம் சிறு முதலீட்டாளர்களுக்கும், குறைந்தது 15 சதவீதம் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் விண்ணப்பிக்கும் பிறருக்கும் ஒதுக்கப்பட வேண்டும். எஞ்சியது நிறுவன முதலீட்டாளர்களுக்கு உரியது. செபி கேட்கும் லாப வரலாறு இல்லாத நிறுவனமாக இருந்தால் சிறு முதலீட்டாளர் பங்கு 10 சதவீதமாகச் சுருங்குகிறது. ஆகவே ஒரு வெளியீட்டின் அறிவிப்பில் சிறு முதலீட்டாளர்களுக்கு 10 சதவீதம் மட்டுமே என்று கண்டால், அந்த எண்ணே நிறுவனத்தின் கடந்தகாலக் கணக்கைப் பற்றி ஒரு குறிப்பைத் தந்துவிடுகிறது.

இரண்டு லட்சம் ரூபாய் வரை விண்ணப்பிக்கும் தனிநபரே சிறு முதலீட்டாளர் எனக் கணக்கில் கொள்ளப்படுகிறார். பங்குகளைத் தனித்தனியாகக் கேட்க முடியாது. லாட் எனப்படும் தொகுதிகளாகவே கேட்க வேண்டும். ஒரு லாட்டின் மதிப்பு பொதுவாகப் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் அமையும். ஹூண்டாயில் ஒரு லாட்டுக்கு ஏழு பங்குகள், அதாவது 13,720 ரூபாய். விண்ணப்பிக்க டீமேட் கணக்கும் பான் எண்ணும் வேண்டும். பணத்தை முன்கூட்டியே அனுப்ப வேண்டியதில்லை. 2008இல் அறிமுகமான ஏற்பாட்டின்படி, விண்ணப்பத் தொகை முதலீட்டாளரின் சொந்த வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்பட்டு, பங்கு கிடைத்தால் மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. கிடைக்காவிட்டால் முடக்கம் நீங்குகிறது. இடைப்பட்ட நாட்களுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியும் குறைவதில்லை. 2019 முதல் இதற்கு யுபிஐ வழியும் திறந்தது. தரகு நிறுவனத்தின் செயலியில் விண்ணப்பித்தபின் கைப்பேசிக்கு வரும் ஒப்புதல் கோரிக்கையை, வெளியீடு முடியும் நாளின் மாலை 5 மணிக்குள் ஏற்க வேண்டும். ஏற்க மறந்தவரின் விண்ணப்பம் கணக்கில் சேராது. காசோலையும் நீண்ட படிவமும் கொடுத்துவிட்டு, பணம் திரும்பி வர வாரக்கணக்கில் காத்திருந்த காலத்தை நினைத்தால், இது இந்தியச் சந்தை சிறு முதலீட்டாளருக்குச் செய்த பெரிய நன்மைகளுள் ஒன்று. வெளியீடு முடிந்த மூன்றாம் வேலை நாளில் பங்கு பட்டியலிடப்பட வேண்டும் என்ற விதியும் 2023 டிசம்பர் முதல் கட்டாயமாகிவிட்டது.

கேட்டவர்கள் மிகுந்து பங்குகள் குறைந்தால், சிறு முதலீட்டாளர் பிரிவில் குலுக்கல் நடக்கிறது. தேர்வாகும் ஒவ்வொருவருக்கும் ஒரு லாட். ஒரு லட்சம் லாட்டுகள் இருக்கும் இடத்தில் இருபது லட்சம் பேர் விண்ணப்பித்தால், ஒரு லாட் கேட்டவருக்கும், இரண்டு லட்சத்தின் விளிம்புவரை பதினான்கு லாட் கேட்டவருக்கும் வாய்ப்பு ஒன்றேதான், இருபதில் ஒன்று. அதிகம் கேட்டால் அதிகம் கிடைக்கும் என்று எண்ணிப் பணத்தை முடக்குவோர் இதை அறிய வேண்டும். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. இத்தனை மடங்கு விண்ணப்பம் என்று செய்திகளில் வரும் எண் கேட்கப்பட்ட பங்குகளைக் குறிக்கிறது. குலுக்கலுக்கு முக்கியமானது விண்ணப்பித்த ஆட்களின் எண்ணிக்கை. பலர் பல லாட்டுகள் கேட்டிருந்தால் மடங்கு பெரிதாகத் தெரியும், உண்மை வாய்ப்பு அதைவிடச் சற்று நன்றாகவே இருக்கும்.

இந்த ஏற்பாட்டை ஏமாற்றும் முயற்சிகளும் நடந்தன. 2005இல் யெஸ் வங்கி, ஐடிஎஃப்சி ஆகியவற்றின் வெளியீடுகளில், ஆயிரக்கணக்கான போலிப் பெயர்களில் டீமேட் கணக்குகளைத் தொடங்கிச் சிறு முதலீட்டாளர்களுக்கு உரிய பங்குகளைச் சிலர் வளைத்துக்கொண்டதைச் செபி கண்டுபிடித்தது. ஒரு பான் எண்ணுக்கு ஒரு விண்ணப்பம் என்ற இன்றைய கண்டிப்பு வெறும் அலுவலக நடைமுறையாகத் தோன்றலாம். உண்மையில் குலுக்கலின் நேர்மையே அதில்தான் தங்கியிருக்கிறது. குடும்பத்தில் நான்கு பேர் தத்தம் பான் எண்ணிலும் தத்தம் வங்கிக் கணக்கிலும் தனித்தனியே விண்ணப்பிப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். அங்கே யாருக்கு எத்தனை பங்கு என்பது வெளியீட்டை நடத்தும் முதலீட்டு வங்கிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அவை தங்கள் பெரிய வாடிக்கையாளர்களுக்கே பெரும்பகுதியை அளிக்கின்றன. சில தரகு நிறுவனங்கள் தங்களுக்குக் கிடைக்கும் சிறு பகுதியைத் தனிநபர்களுக்குப் பகிர்ந்தாலும், வாங்கிய சில வாரங்களுக்குள் விற்றவருக்கு அடுத்த வெளியீடுகளில் இடம் தர மறுக்கும் வழக்கமும் அவற்றிடம் உண்டு. சாதாரண அமெரிக்கர் பெரும்பாலும் பட்டியலிட்ட பிறகு, முதல் ஏற்றம் முடிந்த விலையிலேயே வாங்குகிறார். மதுரையிலோ ஈரோட்டிலோ இருக்கும் ஒருவருக்குச் சட்டப்படி கிடைக்கும் குலுக்கல் உரிமை அவருக்கு இல்லை.

கேட்டவர்களின் எண்ணிக்கை ஒரு நிறுவனத்தின் தரத்தைச் சொல்லுமா என்ற கேள்விக்கு வரலாறு இரு திசையிலும் விடை தருகிறது. 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் வெளியீட்டுக்கு 70 மடங்குக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. நிறுவனங்களுக்கு 450 ரூபாய்க்கும் சிறு முதலீட்டாளர்களுக்கு 430 ரூபாய்க்கும் விற்ற அந்தப் பங்கு, பிப்ரவரி 11 அன்று பட்டியலான முதல் நாளிலேயே 372 ரூபாய் அளவில் முடிந்தது. 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வந்த பேடிஎம் முதல் நாளில் 27 சதவீதம் சரிந்தது. 2023 நவம்பரில் 500 ரூபாய்க்கு வந்த டாடா டெக்னாலஜிஸ் 1,200 ரூபாயில் திறந்தது. இவற்றுக்கெல்லாம் முன், 1993இல் 95 ரூபாய்க்கு வந்த இன்ஃபோசிஸ் பங்கைக் கேட்க ஆளில்லாமல் வெளியீடு முழுவதும் நிரம்பாமல் நின்றது. மடங்குகளை நம்பியவர்கள் அன்று இன்ஃபோசிஸை ஒதுக்கியிருப்பார்கள். 2008இல் ரிலையன்ஸ் பவரை விரும்பியிருப்பார்கள்.

சிறிய நிறுவனங்களுக்கென 2012 முதல் இயங்கும் தனித் தளங்களில் இந்த ஆர்வம் இன்னும் கட்டுக்கடங்காமல் போனது. 2024 ஆகஸ்டில், டெல்லியில் இரண்டு யமஹா விற்பனை நிலையங்களும் எட்டு ஊழியர்களும் கொண்ட ரிசோர்ஸ்ஃபுல் ஆட்டோமொபைல் என்ற நிறுவனம் 12 கோடி ரூபாய் திரட்ட வந்தபோது, ஏறத்தாழ 4,800 கோடி ரூபாய்க்கு விண்ணப்பங்கள் வந்தன. வெளியீட்டு விலையான 117 ரூபாயிலேயே பட்டியலான அந்தப் பங்கு, திறக்கும்போதே பெரும் லாபத்தை எதிர்பார்த்தவர்களை ஏமாற்றியது. இத்தகைய வேகத்துக்குத் தூண்டுகோலாக இருப்பது கிரே மார்க்கெட் பிரீமியம் என்ற எண். பட்டியலிடும் முன்பே, எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லாமல், அறிமுகமானவர்களுக்குள் வாய்மொழியாக நடக்கும் பேரத்தில் சொல்லப்படும் கூடுதல் விலை அது. எத்தனை பங்குகள் அந்த விலையில் உண்மையில் கைமாறின என்று யாரும் பதிவு செய்வதில்லை. பணம் தரவில்லை என்றால் முறையிடவும் இடமில்லை. இணையத்தில் நாள்தோறும் பரப்பப்படும் அந்த எண்ணை நம்பி ஆண்டுக்கணக்கில் சேர்த்த சேமிப்பைப் போடுவது வருந்தத்தக்க பழக்கம்.

பட்டியலிடும் நாளன்றுதான் பங்குக்கு முதல் உண்மையான சந்தை விலை பிறக்கிறது. அது பிறக்கும் முறை கூர்ந்து கவனிக்கத்தக்கது. வழக்கமான வணிகம் காலை 9.15 மணிக்குத் தொடங்கினாலும், புதிய பங்குக்கு 9 மணி முதல் 10 மணி வரை தனி அமர்வு நடக்கிறது. அதில் வரும் ஆர்டர்கள் உடனுக்குடன் நிறைவேறாமல் சேர்த்து வைக்கப்பட்டு, எந்த ஒரு விலையில் மிக அதிகமான பங்குகள் கைமாற முடியுமோ அந்த விலையில் ஒரே தடவையில் முடிக்கப்படுகின்றன. வாங்குவோரில் ஒருவர் 110 ரூபாய் வரை கொடுத்து 100 பங்குகளும், இன்னொருவர் 105 வரை கொடுத்து 200 பங்குகளும், மூன்றாமவர் 100 ரூபாய்க்கு மட்டும் 300 பங்குகளும் கேட்கிறார்கள் என்று கொள்ளலாம். விற்போரில் ஒருவர் 95 ரூபாய் கிடைத்தாலே போதும் என்று 150 பங்குகளையும், இன்னொருவர் 105க்குக் குறையாமல் 150 பங்குகளையும், மூன்றாமவர் 110க்குக் குறையாமல் 200 பங்குகளையும் விற்க வருகிறார்கள். விலை 100 என்றால் வாங்க 600 பங்குகளுக்கு ஆள் உண்டு, விற்க 150 பங்குகளே உண்டு; 110 என்றால் விற்க 500 வரும், வாங்க 100க்கே ஆள் இருக்கும்; 105இல் இரு பக்கமும் 300 வந்து பொருந்துகின்றன. எனவே விலை 105. 110 வரை கொடுக்க இருந்தவரும் 105 மட்டுமே கொடுக்கிறார். 95க்கு விற்க இருந்தவரும் 105 பெறுகிறார். ஒரே நேரத்தில் எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டுவதால், முந்திக்கொண்டவருக்கும் அவசரக்காரருக்கும் தனிச் சலுகையோ தனித் தண்டனையோ இல்லாமல் போகிறது. பங்கின் வாழ்வில் சிறு முதலீட்டாளர் மற்றவர்களோடு சமமாக நிற்கும் மிகச் சில தருணங்களுள் இது ஒன்று.

அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின் பலரும் விற்றுவிடுகிறார்கள். 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை நடந்த 144 வெளியீடுகளை ஆராய்ந்து 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வில், தனிநபர்கள் தங்களுக்குக் கிடைத்த பங்குகளில் மதிப்பளவில் பாதியை ஒரு வாரத்துக்குள் விற்றுவிட்டது தெரியவந்தது. விலை 20 சதவீதத்துக்கு மேல் ஏறிய பங்குகளில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு வாரத்துக்குள் விற்றவர்கள், நட்டத்தில் இருந்த பங்குகளில் 23 சதவீதத்தை மட்டுமே விற்றார்கள். லாபம் வந்ததை உடனே விடுவதும் நட்டத்தில் உள்ளதைக் கைவிட மனம் வராமல் வைத்திருப்பதும் மனித இயல்பு. அந்த இயல்பின்படியே நடந்தால் காலப்போக்கில் கணக்கில் தங்குபவை பெரும்பாலும் இறங்கிய பங்குகளாகவே இருக்கும். வைத்திருப்பவர் இன்னொரு நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கர் முதலீட்டாளர்களின் பங்குகளில் பாதி 30 நாட்களிலும் மீதி 90 நாட்களிலும் பூட்டு நீங்கி விற்பனைக்கு வரலாம். வெளியீட்டுக்கு முன்பே பங்கு வைத்திருந்த பிறருக்குப் பெரும்பாலும் ஆறு மாதத் தடை. அந்தத் தேதிகளை ஒட்டி விலை இறங்கினால் நிறுவனத்தில் ஏதோ நேர்ந்துவிட்டது என்று அஞ்சத் தேவையில்லை. விற்கக் காத்திருந்தவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம்.

இந்தியாவில் பங்கு வணிகம் பிற்பகல் 3.30 மணிக்கு முடிகிறது. அதன் பின்னர் தரகு நிறுவனங்கள் பெற்றுக்கொள்ளும் ஆர்டர்களை இரவு வணிகம் என்று சிலர் தவறாக நினைக்கிறார்கள். அவை மறுநாள் காலை அமர்வுக்காக வரிசையில் நிற்பவை மட்டுமே. தீபாவளியன்று நடக்கும் ஒரு மணி நேர முகூர்த்த வணிகம் மரபு சார்ந்தது. குறியீட்டு முன்பேர வணிகத்தை மட்டுமாவது மாலையிலும் நடத்தத் தேசியப் பங்குச் சந்தை முன்வைத்த திட்டம், தரகர்களிடையே கருத்தொற்றுமை இல்லாததால் 2024இல் செபியால் ஏற்கப்படவில்லை. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் 2023 ஜூலை முதல் முழு அளவில் நடக்கும் கிஃப்ட் நிஃப்டி என்ற குறியீட்டு முன்பேர வணிகம் காலை 6.30இல் தொடங்கி, இடையில் ஒரு சிறு இடைவெளியுடன், நள்ளிரவு கடந்து 2.45 வரை நீள்கிறது. காலைச் செய்திகளில் சந்தை இன்று ஏற்றத்தில் தொடங்கலாம் என்று சொல்லப்படுவதற்கு அதன் விலையே ஆதாரம்.

நேரம் கடந்த வணிகத்தின் உண்மையான களம் அமெரிக்கா. அங்கே வழக்கமான நேரம், நியூயார்க் கடிகாரப்படி காலை 9.30 முதல் மாலை 4 வரை. அதற்கு முன் அதிகாலை 4 மணியிலிருந்தும், அதற்குப் பின் இரவு 8 மணி வரையிலும் பங்குகள் கைமாறுகின்றன. 1969இல் தொடங்கிய இன்ஸ்டினெட் என்ற மின்னணு வலையமைப்பின் வழியாகப் பெரிய நிதி நிறுவனங்கள் தமக்குள் நடத்திக்கொண்டிருந்த இந்த வணிகம், 1990களின் இறுதியில்தான் தனிநபர்களுக்குத் திறந்தது. பெரிய நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளைச் சந்தை மூடிய பிறகு வெளியிடுவதால், அந்தச் செய்திக்கு விலை காட்டும் முதல் இடம் இந்த நேரமே, மறுநாள் 9.30க்கு மணி அடிக்கும்போது மாற்றத்தின் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும். புதிதாகப் பட்டியலாகும் பங்குக்கு மட்டும் விலக்கு உண்டு: பட்டியலிடும் சந்தை தன் தொடக்க ஏலத்தை முடித்து முதல் விலையை அறிவிக்கும்வரை அந்தப் பங்கை வேறெங்கும் வணிகம் செய்ய முடியாது. எனவே முதல் நாளில் முன்காலை வணிகம் அதற்கு இல்லை.

மாலை 4 மணிக்குப் பின் மாறுவது கடிகாரம் மட்டுமன்று. பகலில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே ஒரு சென்ட் இடைவெளி இருக்கும் பங்குக்கு, இரவில் அரை டாலர் இடைவெளி கூட இருக்கலாம். வாங்கிய நொடியிலேயே திருப்பி விற்க நேர்ந்தால் அந்த இடைவெளி முழுவதும் நட்டம். பகலில், நாட்டின் எந்தச் சந்தையில் சிறந்த விலை இருந்தாலும் அதைத் தாண்டி மோசமான விலைக்கு ஆர்டரை முடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு விதி உண்டு. 2010 மே 6 அன்று நிகழ்ந்த திடீர்ச் சரிவுக்குப் பின், ஒரு பங்கின் விலை அளவுக்கு மீறித் தாவினால் வணிகத்தை நிறுத்தும் ஏற்பாடும் வந்தது. இரண்டும் வழக்கமான நேரத்துக்கு மட்டுமே உரியவை. அதனால்தான் தரகு நிறுவனங்கள் இந்த நேரத்தில் லிமிட் ஆர்டர்களை, அதாவது இந்த விலைக்கு மேல் வாங்காதே, இந்த விலைக்குக் கீழ் விற்காதே என்று எல்லை வகுக்கும் ஆர்டர்களை மட்டும் பொதுவாக ஏற்கின்றன. கிடைத்த விலைக்கு முடி என்னும் மார்க்கெட் ஆர்டரை ஏற்பதில்லை. குறைந்த வணிகம், அகன்ற இடைவெளி, இணைக்கப்படாத சந்தைகள், செய்தியால் வரும் அதிர்ச்சி ஆகிய ஆபத்துகளை வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் தரகர்களுக்கு விதி இருக்கிறது.

2024 பிப்ரவரி 13 மாலை நடந்த ஒரு நிகழ்ச்சி இதன் உட்பொருளைக் காட்டுகிறது. வாடகைக் கார் சேவை நடத்தும் லிஃப்ட் நிறுவனம், சந்தை மூடிய பின் வெளியிட்ட அறிக்கையில், லாப விகிதம் அந்த ஆண்டில் 5 சதவீதப் புள்ளி உயரும் என்று குறிப்பிட்டிருந்தது. பங்கு விலை நிமிடங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் தாவியது. சற்று நேரத்தில் முதலீட்டு ஆய்வாளர்களுடன் நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், அது அரைப் புள்ளி மட்டுமே என்று நிதித் தலைவர் திருத்தியதும் ஏற்றத்தின் பெரும்பகுதி கரைந்தது. உச்சத்தில் வாங்கியவர்களின் வணிகம் தவறான தகவலின் மேல் நடந்திருந்தாலும் விலை அவர்கள் ஒப்புக்கொண்டதுதான். பகல் நேரத்துத் தடுப்பு எதுவும் இடையில் நின்று அவர்களுக்கு யோசிக்க அவகாசம் தரவில்லை.

இரவு 8 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தையும் இப்போது சில தனியார் வணிகத் தளங்கள் நிரப்புகின்றன. ஆசியாவின் பகல் அது என்பதால் தென்கொரிய முதலீட்டாளர்கள் அவற்றில் பெருமளவில் பங்கேற்றார்கள். 2024 ஆகஸ்ட் 5 அன்று ஜப்பானின் நிக்கேய் குறியீடு 12 சதவீதத்துக்கும் மேல் விழுந்தபோது, விற்கத் துடித்தவர்களின் ஆர்டர்களைத் தாங்க முடியாமல் புளூ ஓஷன் என்ற தளம் வணிகத்தை நிறுத்தியது. ஏற்கெனவே நடந்த வணிகத்தில் ஒரு பகுதியும் ரத்தானது. கொரியத் தரகு நிறுவனங்கள் அந்தப் பகல் நேரச் சேவையை ஓராண்டுக்கும் மேல் நிறுத்தி வைத்தன. இருந்தும் போக்கு மாறவில்லை: நாளுக்கு 23 மணி நேரம் இயங்கத் திட்டமிட்ட 24எக்ஸ் என்ற புதிய சந்தைக்கு 2024 நவம்பரில் அமெரிக்கக் கட்டுப்பாட்டு ஆணையம் அனுமதி தந்தது, வாரத்தில் ஐந்து நாட்களும் 24 மணி நேர வணிகத்துக்கு நாஸ்டாக் 2025இல் திட்டம் அறிவித்தது.

ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டப்படி ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டில் முதலீடு செய்யலாம் என்பதால், அமெரிக்கப் பங்குகளை வாங்கும் இந்தியர்களுக்கும் இது அயலார் செய்தியன்று. நியூயார்க்கின் வழக்கமான நேரம் கோடையில் இந்திய நேரப்படி இரவு 7 மணிக்கும் குளிர்காலத்தில் 8 மணிக்கும் தொடங்குகிறது. முன்காலை வணிகமோ நமது பிற்பகலில், அலுவலக நேரத்திலேயே வந்துவிடுகிறது. கண்முன் விலை ஓடுவதைப் பார்த்து வாங்கத் தோன்றும் அந்தப் பொழுதில், திரையில் தெரியும் கடைசி விலையைவிட, இப்போது எத்தனை பங்குகளுக்கு விற்பவர் நிற்கிறார், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி எவ்வளவு என்ற இரண்டு எண்களே பயனுள்ளவை. முன்காலை நேரத்துக்கு மட்டும் கொடுத்த லிமிட் ஆர்டர் நிறைவேறாவிட்டால், பல தரகு நிறுவனங்களில் அது தானாக வழக்கமான நேரத்துக்கு மாறுவதில்லை. மணி அடித்த பின் ஆர்டரை மீண்டும் கொடுக்க வேண்டும்.